ஒரு ஓட்டில் பறிபோன பதவி, 11 வருடம் கழித்து கையில் கோப்பை: அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் மேனேஜரை எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

29-க்கு 28.

2013-ல் அயர்லாந்தின் கில்டேர் கவுன்ட்டியில் உள்ளூர் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். கேள்வி ஒன்றுதான். கால்பந்து அணியின் மேனேஜர் கீரன் மெக்கீனி தொடரலாமா, வேண்டாமா? வேண்டாம் என்று 29 பேர். தொடரட்டும் என்று 28 பேர். ஆறு சீசன் அந்த அணியோடு இருந்த மனிதர், ஒரே ஒரு ஓட்டில் வெளியே போனார்.

பத்து வருஷம் கழித்து, 2023-ல், அதே மனிதர் மேல் இன்னொரு ஓட்டெடுப்பு. இந்த முறை அவருடைய சொந்த கவுன்ட்டியான ஆர்மாவில். அதில் தப்பித்தார். அடுத்த வருஷம், 2024 ஜூலை 28-ம் தேதி, டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் ஆர்மா அணி அகில அயர்லாந்து கோப்பையைத் தூக்கியது. ஆர்மாவின் வரலாற்றில் அது இரண்டாவது கோப்பைதான். முதல் கோப்பையை 2002-ல் வாங்கியபோது கேப்டன் யார் தெரியுமா? இதே மெக்கீனிதான்.

அப்போ கில்டேர் செஞ்சது தப்பு, ஆர்மா செஞ்சது சரின்னு முடிச்சிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. ஏன் என்று பார்ப்பதற்கு இதுதான் சரியான நேரம். 2025 சீசன் முடிந்த கையோடு மேயோ, டப்ளின், லௌத் என்று பல கவுன்ட்டிகளில் மேனேஜர்கள் மாறியிருக்கிறார்கள். இதில் மேயோவின் கதை ரொம்பவே வலி நிறைந்தது. அதற்கு வருவோம்.

முதலில், இது என்ன ஆட்டம்?

கேலிக் கால்பந்து நாம் பார்க்கும் ஃபுட்பால் இல்லை. ஒரு அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். கோல் கம்பம் ரக்பியில் வருவதுபோல ஆங்கில எழுத்து 'எச்' வடிவத்தில் இருக்கும். குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் 1 பாயின்ட். கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 பாயின்ட். 2025 முதல் ஒரு புது விதி வந்திருக்கிறது. 40 மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து கம்பத்துக்கு மேலே அடித்தால் 2 பாயின்ட்.

ஸ்கோர் எழுதும் விதம் முதலில் கொஞ்சம் குழப்பும். 2024 இறுதிப் போட்டியில் ஆர்மா 1-11, கால்வே 0-13. அதாவது ஆர்மாவுக்கு 1 கோல், 11 பாயின்ட், மொத்தம் 14. கால்வேக்கு 13. ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம்.

ஆட்டத்தை நடத்துவது 1884-ல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம். சுருக்கமாக ஜி.ஏ.ஏ. அயர்லாந்து குடியரசும் வட அயர்லாந்தும் சேர்த்து 32 கவுன்ட்டிகள். 'கவுன்ட்டி' என்பதை 'மாவட்டம்' என்று எழுதலாமா என்று யோசித்தேன். நிர்வாக அளவில் சரிதான். ஆனா ஒரு அயர்லாந்துக்காரர் "நான் மேயோ"ன்னு சொல்லும்போது அதில் இருக்கும் ஒட்டுதல் 'மாவட்டம்' என்ற சொல்லுக்குள் அடங்காது. அதனால் கவுன்ட்டி என்றே விட்டுவிட்டேன்.

போட்டிகள் இரண்டு வகை. வருஷத் தொடக்கத்தில் தேசிய லீக். அதில் நான்கு டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள். முதல் மூன்று டிவிஷன்களில் கடைசி இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் கீழே இறங்கும். அதன் பிறகு அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர், கானாட் என்ற நான்கு மாகாணக் கோப்பைகள். அங்கிருந்து அகில அயர்லாந்து கோப்பை. அதன் பெயர் சாம் மகுவயர் கோப்பை. எல்லாருடைய கண்ணும் அதில்தான்.

விலைக்கு வாங்க ஆள் இல்லை

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இதுதான் ஆச்சரியமான இடம். இங்கே ஏலம் கிடையாது, சம்பளம் கிடையாது. குரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னால் ஆடும் பையன் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போவான், இல்லைன்னா காலேஜுக்குப் போவான், மாட்டுப் பண்ணைக்குப் போவான். பயிற்சி எல்லாம் வார நாள்களில் வேலை முடிந்த பிறகும், வார இறுதியிலும்தான்.

ஒரு வீரர் பொதுவாகத் தன் சொந்த ஊர் கிளப்புக்கு ஆடுவார். அந்த கிளப் எந்த கவுன்ட்டியில் இருக்கிறதோ அந்த கவுன்ட்டிக்கு ஆடுவார். பக்கத்து கவுன்ட்டியில் நல்ல ஸ்டிரைக்கர் இருக்கிறார், பணம் கொடுத்துத் தூக்கிட்டு வருவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. லீட்ரிம் கவுன்ட்டியின் மக்கள்தொகை சுமார் 35,000. டப்ளினுக்கு 14 லட்சத்துக்கு மேல். இரண்டும் மோதுவது ஒரே கோப்பைக்காகத்தான்.

இதன் விளைவைக் கவனியுங்கள். அணி தோற்றால் வீரர்களை மாற்ற முடியாது. ஊரை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று, ஓரத்தில் நிற்கும் மேனேஜர். அவரை மட்டும் வெளியிலிருந்து கொண்டு வரலாம். அதனால்தான் ஒரு கவுன்ட்டியின் ஏமாற்றம், ஆசை, கோபம் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நாற்காலியில் போய் இறங்குகிறது.

சரி, அவருக்காவது சம்பளம் உண்டா? விதிப்படி கிடையாது. பயணச் செலவு போன்றவற்றை மட்டும்தான் வாங்கலாம். நிஜத்தில் சில இடங்களில் ரகசியமாகப் பணம் கைமாறுகிறது என்ற பேச்சு பல வருஷமாக உண்டு. 2012-ல் ஜி.ஏ.ஏ.வின் தலைமை இயக்குநர் பாரிக் டஃபி இதைப் பற்றி ஒரு விவாத அறிக்கையே வெளியிட்டார். இந்த விஷயத்தில் அங்கே ரொம்பப் பிரபலமான ஒரு நக்கல் உண்டு. சங்கத்தின் முன்னாள் தலைவர் பீட்டர் குவின் சொன்னது. மேனேஜர்களுக்கு மேசைக்கு அடியில் பணம் போகிறதா என்று தேடினார்களாம். பணத்தை விடுங்க, அந்த மேசையையே கண்டுபிடிக்க முடியலையாம்.

தேர்வு எப்படி நடக்கிறது?

முதலாளி என்று ஒருவர் இல்லை. ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு கவுன்ட்டி போர்டு. அதில் அந்தப் பகுதி கிளப்புகளின் பிரதிநிதிகள் இருப்பார்கள். மேனேஜர் பதவி காலியானதும் போர்டு ஒரு சின்னக் குழுவை அமைக்கும். பல கவுன்ட்டிகளில் கிளப்புகளே பெயர்களைப் பரிந்துரைக்கலாம். பிறகு நேர்காணல். குழு ஒருவரைச் சிபாரிசு செய்யும். கடைசியில் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஒப்புதல். பெரும்பாலும் அது சம்பிரதாயம்தான். சில சமயம் கில்டேரில் நடந்ததுபோல அங்கேயே தலைவிதி மாறிவிடும்.

இன்னொரு விஷயம். இப்போதெல்லாம் யாரும் தனி ஆளாக நேர்காணலுக்குப் போவதில்லை. துணைப் பயிற்சியாளர்கள், அணித் தேர்வில் உதவுபவர்கள், உடற்தகுதி நிபுணர், கோல்கீப்பிங் கோச், வீடியோ பார்த்து அலசுபவர் என்று ஒரு பட்டாளத்தையே முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு போகிறார்கள். இதை அங்கே 'டிக்கெட்' என்கிறார்கள். தேர்தலில் கூட்டணி அமைத்துவிட்டுப் பிரசாரத்துக்குக் கிளம்புவது மாதிரிதான்.

2022-ல் மேயோவில் இப்படித்தான் நடந்தது. நாலு பேர் நாலு டிக்கெட்டோடு போட்டியில் நின்றார்கள். ஜெயித்தவர் கெவின் மெக்ஸ்டே. அவருடைய டிக்கெட்டில் மேயோவின் முன்னாள் மேனேஜர் ஸ்டீபன் ரோச்ஃபோர்டே இருந்தார். அனுபவம் வாய்ந்த கோச் டோனி பக்லியும் இருந்தார். பட்டியலைப் படிக்கும்போதே கோப்பை பாதி கைக்கு வந்த மாதிரி இருந்திருக்கும்.

ஆனா பட்டியல் மைதானத்தில் இறங்கி ஆடாதே.

2023: ஒரே குழியில் இரண்டு அணிகள்

தோற்கும் அணி என்ன செய்யணும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 2023 தேசிய லீக்கில் முதல் டிவிஷனிலிருந்து கீழே விழுந்த இரண்டு அணிகள் ஆர்மாவும் டோனிகாலும். இரண்டும் அல்ஸ்டர் மாகாணம். ஒரே வருஷம், ஒரே சரிவு. எடுத்த முடிவுகள் நேர் எதிர். ஆர்மா இருந்த மேனேஜரையே வைத்துக்கொண்டது. டோனிகால் பழைய மேனேஜரைத் திரும்ப அழைத்தது.

இனி வரும் இரண்டு பேரின் குடும்பப் பெயர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஆர்மாவின் கீரன் மெக்கீனி, டோனிகாலின் ஜிம் மெக்கின்னஸ். குழப்பம் வராமல் இருக்க கீரன், ஜிம் என்றே எழுதுகிறேன்.

கீரனின் கணக்கைப் பார்த்தால் 2023-ல் அவரை அனுப்பியிருந்தால்கூட யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். 2015 சீசனிலிருந்து அவர்தான் மேனேஜர். அல்ஸ்டர் கோப்பைப் போட்டியில் மேனேஜராக முதல் வெற்றியைப் பார்க்கவே அவருக்கு 2019 வரை ஆனது. இடையில் அணி மூன்றாவது டிவிஷனில் எல்லாம் ஆடியது. ஒன்பது சீசன் முடிந்தும் அல்ஸ்டர் கோப்பை ஒன்றுகூட இல்லை. "போதும்பா" என்று சொன்னவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தத் தோல்விகள் எந்த மாதிரித் தோல்விகள்? 2022-ல் அகில அயர்லாந்து காலிறுதியில் கால்வேயிடம் பெனால்டியில் தோல்வி. 2023 அல்ஸ்டர் இறுதியில் டெர்ரியிடம் பெனால்டியில் தோல்வி. அதே வருஷம் காலிறுதியில் மோனஹனிடம், அதுவும் பெனால்டியில். கூடுதல் நேரமும் முடிந்து, கடைசி உதையில் தோற்கும் அணி உடைந்த அணி இல்லை. வாசல் வரைக்கும் வந்துவிட்ட அணி. வீரர்களிடமும் மேனேஜரை மாற்றச் சொல்லும் கோபம் இல்லை. கூடவே கீரன் தன்னைச் சுற்றி இருந்தவர்களை மாற்றிக்கொண்டே வந்தார். கெர்ரியின் முன்னாள் நட்சத்திரம் கீரன் டோனகியை 2020 கடைசியில் கோச்சாக அழைத்து வந்தது அதில் ஒன்று. மேலே இருக்கும் பெயர் அதேதான். உள்ளே இருக்கும் யோசனைகள் மாறிக்கொண்டே இருந்தன.

பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு அவரை வைத்துக்கொண்டார்கள்.

டோனிகாலில் நிலைமை வேற. 2022 நவம்பரில் கேப்டன் மைக்கேல் மர்ஃபி ஓய்வை அறிவித்தார். 2012-ல் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன் அவர்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால் பேடி கார் மேனேஜராக வந்திருந்தார். கில்மகட் குரோக்ஸ் கிளப்பை 2009-ல் அகில அயர்லாந்து கிளப் கோப்பை வரை கொண்டுபோனவர். சாதாரண ஆள் இல்லை. ஆனால் 2023 தொடக்கத்தில் இளம் வீரர்களை உருவாக்கும் அகாடமியின் தலைவர் கார்ல் லேசி பதவி விலகினார். அவரும் 2012 அணியின் நட்சத்திரம். போர்டுக்கும் அகாடமிக்கும் நடந்த சண்டை வெளியே வந்தது. மார்ச்சில், லீக் நடந்துகொண்டிருக்கும்போதே, கார் விலகிவிட்டார். எய்டன் ஓ'ரூர்க் மீதி சீசனைச் சமாளித்தார்.

இது வாசல் வரை வந்த அணி இல்லை. வீட்டுக்குள்ளேயே விரிசல் விட்ட அணி. இங்கே தேவைப்பட்டது நல்ல வியூகம் தெரிந்த ஒருவர் மட்டும் இல்லை. வீரர்களும் போர்டும் ரசிகர்களும் ஒரே நேரத்தில் நம்பக்கூடிய ஒருவர். டோனிகாலில் அப்படி ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

ஜிம் 2010-ல் டோனிகாலின் 21 வயதுக்குட்பட்டோர் அணியை அகில அயர்லாந்து இறுதிவரை கொண்டுபோனவர். அந்தக் கோடையில் மூத்தோர் அணி ஆர்மாவிடம் படுதோல்வி அடைந்து வெளியேறியது. பொறுப்பு ஜிம் கைக்கு வந்தது. 2011-ல் அல்ஸ்டர் கோப்பை. 1992-க்குப் பிறகு முதல் முறை. 2012-ல் அகில அயர்லாந்து கோப்பை. எதிர் அணி மேயோ. 2014-ல் இறுதியில் கெர்ரியிடம் தோற்றதும் விலகினார். அப்புறம் சாக்கர் பக்கம் போய்விட்டார். ஸ்காட்லாந்தின் செல்டிக், சீனாவின் பெய்ஜிங், அமெரிக்காவின் சார்லட் என்று ஒரு சுற்று.

2023 ஆகஸ்டில் அவர் திரும்பி வருகிறார் என்ற அறிவிப்பு வந்தது. 2024-ல் அல்ஸ்டர் இறுதி. டோனிகாலும் ஆர்மாவும். முந்தின வருஷம் ஒன்றாகக் கீழே விழுந்த அதே இரண்டு அணிகள். டோனிகால் ஜெயித்தது. எப்படி? பெனால்டியில்! கீரனுக்கு மூன்று வருஷத்தில் நாலாவது பெனால்டி தோல்வி. அன்னிக்கு ராத்திரி ஆர்மாவில் அந்த ஓட்டெடுப்பு ஞாபகம் பல பேருக்கு வந்திருக்கும். பதினோரு வாரம் கழித்து அவர்கள்தான் சாம்பியன்.

2025-ல் கதை மறுபடி திரும்பியது. அல்ஸ்டர் இறுதியில் அதே இரண்டு அணிகள், கூடுதல் நேரத்தில் மறுபடி டோனிகால். ஓய்வு பெற்ற மைக்கேல் மர்ஃபி ஜிம்முக்காகத் திரும்பி வந்து ஆடினார். அகில அயர்லாந்து இறுதிவரை போனார்கள். அங்கே கெர்ரி 1-26, டோனிகால் 0-19 என்று பெரிய அடி. கெர்ரியின் மேனேஜர் ஜாக் ஓ'கானர். அவரும் அந்தப் பதவிக்கு மூன்றாவது முறையாக வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடணும்.

இதைப் படித்துவிட்டு "பழைய மேனேஜரைக் கூப்பிட்டால் போதும்" என்று ஒரு கவுன்ட்டி நினைத்தால் அது ஆபத்து. "பொறுமையா இருந்தா போதும்" என்று இன்னொன்று நினைத்தாலும் ஆபத்துதான். ஆர்மாவும் டோனிகாலும் ஜெயித்ததற்கு, என் கணிப்பில், ஒரே காரணம்தான். தாங்கள் எதனால் தோற்கிறோம் என்பதைச் சரியாகப் படித்தார்கள். ஆள் தேடுவது அதற்கு அப்புறம்தான்.

பெரிய பெயர் போதாதா?

டெர்ரியைக் கேட்டால் தெரியும். 2023 செப்டம்பரில் அவர்கள் மிக்கி ஹார்ட்டை அழைத்து வந்தார்கள். டைரோனுக்கு 2003, 2005, 2008 என்று மூன்று அகில அயர்லாந்து கோப்பைகள் வாங்கிக் கொடுத்தவர். டைரோன்தான் டெர்ரியின் பக்கத்து வீட்டுப் பகையாளி என்பதால் இதுவே பெரிய அதிர்ச்சி. முதல் சில மாதங்கள் அமோகம். 2024 லீக்கின் முதல் டிவிஷன் கோப்பையே வந்தது. அடுத்து அல்ஸ்டரில் ஜிம்மின் டோனிகால் நாலு கோல் போட்டு அனுப்பி வைத்தது. அதற்கப்புறம் அந்த அணி பழைய நிலைக்கு வரவே இல்லை. ஒரே சீசனில் ஹார்ட் கிளம்பிவிட்டார்.

இதில் பாதிக்கப்பட்ட மூன்றாவது ஆள் யார் தெரியுமா? லௌத். ஹார்ட் டெர்ரிக்குப் போனது லௌத் பதவியை விட்டுவிட்டுத்தான். அந்தச் சின்ன கவுன்ட்டி அவசரமாக ஆள் தேடி, மேனேஜராக அவ்வளவு பெயர் எடுக்காத டப்ளின் முன்னாள் வீரர் ஜெர் பிரென்னனை எடுத்தது. 2025-ல் லௌத் லென்ஸ்டர் கோப்பையை வென்றது. கடைசியாக வென்றது 1957-ல். 68 வருஷம்! அதே கோடையில் டப்ளின் காலிறுதியில் டைரோனிடம் தோற்றது, டெசி ஃபாரல் விலகினார், டப்ளின் யாரை எடுத்தது? பிரென்னனை. லௌத் மறுபடி ஆள் தேடும் நிலைக்கு வந்தது. சின்ன கவுன்ட்டி நல்ல ஆளைக் கண்டுபிடித்தாலும் கஷ்டம்தான் போல.

மேயோ: 1951-ல் நின்றுபோன கடிகாரம்

இப்போ மேயோ. மக்கள்தொகை சுமார் 1.38 லட்சம். கடைசியாக அகில அயர்லாந்து கோப்பை வாங்கியது 1951-ல். அதற்குப் பிறகு இறுதிப் போட்டிக்கு வராமல் போனார்களா என்றால் இல்லை. 1989-லிருந்து 2021 வரை 11 இறுதிப் போட்டித் தொடர்களில் தோற்றிருக்கிறார்கள். 2016-ல் முதல் ஆட்டம் டிரா, மறு ஆட்டத்தில் டப்ளினிடம் ஒரு பாயின்டில் தோல்வி. 2017-ல் மறுபடி டப்ளின், மறுபடி ஒரு பாயின்ட்.

1951-ல் கோப்பையோடு ஊர் திரும்பிய வீரர்கள் ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு இறுதி ஊர்வலத்துக்கு மரியாதை செய்யாமல் கடந்து போனதாகவும், அந்த அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மேயோவுக்குக் கோப்பை இல்லை என்று பாதிரியார் சபித்ததாகவும் ஒரு கதை ஊரெல்லாம் உண்டு. அந்த அணியின் கடைசி வீரரும் 2021-ல் இறந்துவிட்டார். கோப்பை இன்னும் வரவில்லை. சாபத்தைக் குற்றம் சொல்ல முடியாமல் போனதும், மிச்சம் இருப்பது மேனேஜர்தான்.

மேயோவில் இதற்கு முன்பே ஒரு கசப்பு உண்டு. 2015-ல் பேட் ஹோம்ஸ், நோயல் கானலி என்ற இரட்டை மேனேஜர்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று வீரர்களே ஓட்டுப் போட்டார்கள். இருவரும் விலகினார்கள். பிறகு வந்த ரோச்ஃபோர்ட்தான் 2016, 2017 இறுதிகளுக்கு அணியைக் கொண்டுபோனவர். வீரர்கள் செய்தது சரிதான் என்று ஒரு கட்சி. மேனேஜரை விரட்டியும் கோப்பை வரலையே என்று இன்னொரு கட்சி. சம்பளம் வாங்காமல் தன் இருபதுகளை முழுக்க இந்த ஆட்டத்துக்குக் கொடுக்கும் ஒருவருக்கு, யாருக்குக் கீழே ஆடுகிறோம் என்று கேட்க உரிமை இல்லையா? இருக்கிறது என்றுதான் எனக்குத் தோணுது. அதே நேரம் அந்த மேனேஜரும் சம்பளம் வாங்காமல் வந்தவர்தான். திங்கட்கிழமை அதே ஊர்க் கடையில் நின்று பால் வாங்க வேண்டியவர்.

அந்த 2022 டிக்கெட்டின் கதைக்கு வருவோம். மெக்ஸ்டேயின் மேயோ 2023 லீக்கை வென்றது. அடுத்த வாரமே கானாட் காலிறுதியில் ராஸ்காமனிடம் தோற்றது. 2024-ல் டெர்ரியிடம் பெனால்டியில் வெளியேறியது. 2025 தொடக்கத்தில் மறுபடி லீக் இறுதி, கெர்ரியிடம் தோல்வி. கானாட் இறுதியில் கால்வேயிடம் தோல்வி. பிறகு சொந்த மண்ணான காசில்பாரில் கேவனிடம் தோல்வி. உடல்நலக் காரணத்தால் மெக்ஸ்டே மே மாதம் ஒதுங்கினார், ரோச்ஃபோர்ட் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஜூனில் டோனிகாலோடு வாழ்வா சாவா ஆட்டம். டிரா செய்திருந்தாலே மேயோ உள்ளே. கடைசி நொடிகளில் டோனிகால் அடித்த ஒரு பாயின்டில் எல்லாம் முடிந்தது.

அதன் பிறகு மெக்ஸ்டேயும் அவர் குழுவும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுவதாக கவுன்ட்டி போர்டு அறிவித்தது. நீக்கியதைவிட, நீக்கிய விதம்தான் நிறையப் பேரைக் கோபப்படுத்தியது. உடல்நலம் சரியில்லாமல் ஒதுங்கியிருந்த ஒருவரை இப்படியா அனுப்புவது என்று கேட்டார்கள். அடுத்த மேனேஜராக வர நினைப்பவரும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்?

வந்தவர் ஆன்டி மோரன். அந்தத் தோற்ற இறுதிகளில் பலவற்றில் மேயோவுக்காக ஆடியவர். 2017-ல் ஆண்டின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு நேரா சொந்த கவுன்ட்டி நாற்காலியில் வந்து உட்காரவில்லை. முதலில் லீட்ரிமில் மேனேஜர். பிறகு 2025-ல் மோனஹன் அணியில் கோச். மக்கள்தொகையில் அயர்லாந்திலேயே சின்ன கவுன்ட்டியில் தொழில் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

என்னைக் கேட்டால் இந்தத் தேர்வில் தெரிவது, மேயோ தன் நோயைக் கொஞ்சம் வேறு மாதிரி படிக்க ஆரம்பித்திருக்கிறது என்பதுதான். 2022-ல் அவர்கள் தேடியது அனுபவசாலிகளின் பெரிய பட்டியலை. இந்த முறை, அந்த டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து அழுத ஒருவரை. இது உதவலாம். இதுவே சுமையாகவும் ஆகலாம். சொந்த ஊர்க்காரர் தோற்றால் ஊர் மன்னிக்க எடுத்துக்கொள்ளும் காலம் அதிகம்.

அவருக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. டப்ளினை ஆறு கோப்பைகளுக்குக் கொண்டுபோன ஜிம் கேவின் தலைமையிலான குழு கொடுத்த புது விதிகள் 2025 முதல் ஆட்டத்தையே மாற்றியிருக்கின்றன. தூரத்திலிருந்து அடித்தால் 2 பாயின்ட். எதிரணி பாதியில் எப்போதும் குறைந்தது மூன்று வீரர்கள் நிற்க வேண்டும் என்பதால் எல்லாரும் பின்னால் வந்து கோட்டை கட்ட முடியாது. பழைய பாடம் பாதி செல்லாது. எல்லா மேனேஜரும் கிட்டத்தட்ட புது மாணவர்தான்.

கில்டேரை மறந்துவிடக் கூடாது. கீரனை அனுப்பிய பிறகு 2014-ல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கினார்கள், 2015-ல் இரண்டாவதிலிருந்தும் இறங்கினார்கள். இப்போது பார்த்தால் அந்த 29 பேர் பெரிய தப்பு பண்ணிட்டாங்கன்னு தோணும். ஆனா 2013-ல் அவர்கள் முன்னால் இருந்த கணக்கில் ஆறு சீசன் இருந்தது, லென்ஸ்டர் கோப்பை ஒன்றுகூட இல்லை. ஆர்மாவின் பிரதிநிதிகள் முன்னால் இருந்த கணக்கு அதைவிட மோசம், ஒன்பது சீசன், ஒரு அல்ஸ்டர் கோப்பைகூட இல்லை. 2025 வரைக்கும் மேனேஜராக கீரன் அல்ஸ்டர் கோப்பையை வென்றதே இல்லை. அதை விட்டுவிட்டு நேராக அயர்லாந்தையே வென்றுவிட்டார்.

2025-க்கு அடுத்த தேசிய லீக் தொடங்கும் மாதம் ஜனவரி. அந்த 2026 லீக்கில் மேயோவுக்கு இடம் முதல் டிவிஷனில்தான். மோரனுக்குக் கொடுக்கப்படும் அவகாசம் எவ்வளவு என்பது மார்ச் மாதத்துக்குள்ளேயே காசில்பாரில் பேச்சாகிவிடும்.